ரீவா ஸெல்னிக்கும் ஓட்டை விழுந்த நீல ஜாடியும்

டார்பி ஊரில் ரீவா ஸெல்னிக்கைத் தெரியாதவர் கிடையாது. ஆள் குள்ளம், குரல் பெரிசு. காலில் எப்போதும் கனத்த தோல் ஷூ. அழகு பார்த்து வாங்கமாட்டாள், அடி தேயுமா தேயாதா என்று திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவாள். ஷூக்கடைக்காரர் மகள் வேறு எப்படி இருப்பாள். ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று மற்றவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியை முடித்துவிட்டு வந்து நிற்பாள். அவளிடம் இருந்த குணமும் அதுதான், கோளாறும் அதுதான்.

அவள் அப்பாவின் கடை மெயின் தெருவில் இருந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா கடலோரத்தில் கறுப்பு ஜனங்கள் கடையில் ஷூவைக் காலில் மாட்டிப் பார்க்க முடியாது. காகிதத்தில் பாதத்தை வரைந்து கொண்டுவர வேண்டும், அதற்குப் பொருந்துவதை வாங்கிக்கொண்டு போக வேண்டும். ரீவாவின் அப்பா கொஞ்சம் இரக்கப்பட்டவர், நிறையப் பயந்தவர். கடையின் பின்பக்கம் ஒரு திரை கட்டி, அதற்குள் உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம் என்று விட்டிருந்தார். வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்தால் வியாபாரம் படுத்துவிடும். ஊரில் இருந்த எங்கள் யூதக் குடும்பங்களோ ஒரு விருந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடக்கூடிய அளவுதான்.

பள்ளிப் படிப்பு முடித்த வருஷம், கடையில் ஆள் நிறைந்திருந்த ஒரு மதியம், ரீவா அந்தத் திரையை ஒரே இழுப்பில் இழுத்துக் கீழே போட்டாள். அப்பா பல நாள் அவளோடு பேசவில்லை. திரைத் துணி கடைக் கண்ணாடி துடைக்கப் போயிற்று. அதை மறுபடி கட்ட அவள் விடவே இல்லை.

எங்கள் யூத சபையில் இந்தக் கதையை வருஷா வருஷம் யாராவது சொல்லிவிடுவார்கள். சொல்லும்போதெல்லாம் ரீவா பெருமையை மறைக்கத் தெரியாமல், பாத்திரம் கழுவப் போகிற சாக்கில் எழுந்து போய்விடுவாள். அன்றைக்குத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது யார் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதைப் பற்றி யாரும் வெளியே பேசமாட்டார்கள். சபையில் ஒரு பெண் இறந்துபோனால், குளிப்பாட்டி, வெள்ளைக் கோடி உடுத்தி, பெட்டியில் வைப்பது நல்லடக்கக் குழுவின் பெண்கள். ரீவா இளம் மனைவியாக இருந்த காலத்திலிருந்து அதில் இருக்கிறாள். அந்த அறைக்குள் நடப்பது அந்த அறையோடு. இறந்தவருக்குச் செய்கிற உதவியை அவரால் திருப்பிச் செய்ய முடியாது, அதனால் அதைச் சொல்லிக்காட்டவும் கூடாது. வாயாடி ரீவா இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறந்து யாரும் கேட்டதில்லை. பக்கத்திலிருந்த கணவனுக்குக்கூடத் தெரியாது.

வயது அறுபதைத் தாண்டியபோது சபையில் ஒரு வாசிப்புக் கூட்டம் ஆரம்பித்தார்கள். நிறத்தின் பேரால் இந்த ஊரில் நடந்ததையெல்லாம் படிக்க வேண்டும், பேச வேண்டும், நம் பங்கு என்ன என்று யோசிக்க வேண்டும் என்று சபைத் தலைவர் மெல்வின் சொன்னார். மெல்வின் பல் டாக்டர். எதையும் வலிக்காமல் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவர். பல மாதம் படித்தார்கள். காபி ஆறிப்போகும், கேக் தீர்ந்துபோகும், பேச்சு தீராது. ஒருநாள் ரீவா எழுந்து, படிச்சது போதும், மவுன்ட் நெபோ சர்ச்சுக்குப் போய் உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டா என்ன என்றாள். கேட்கலாம் என்று சொன்னதே அவள்தான். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மவுன்ட் நெபோ, ஊரின் கிழக்கே உள்ள கறுப்பு ஜனங்களின் சர்ச். அங்கே பாடகர் குழுவை நடத்துகிறவள் லவீனியா கிரிம்ஸ். நெட்டையானவள், மெதுவாகப் பேசுகிறவள், தொப்பி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை வெளியே வராதவள். அவள் சபைக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். சர்ச்சுக்குப் பின்னால் பைன் மரங்களுக்கு நடுவே அவர்களுடைய பழைய இடுகாடு. முன்னால் கல் நட்ட கல்லறைகள் கொஞ்சம். பின்னால் உள்ளதெல்லாம் கல் நட வழியில்லாத காலத்தில் புதைத்தவர்கள், அடிமைகளாக இருந்தவர்களும் அவர்கள் பிள்ளை பேரப்பிள்ளைகளும். அந்தப் பின்பகுதியை ஒரு கம்பெனி கிடங்கு கட்டக் கேட்கிறது. கல் இல்லாத இடம் கல்லறை இல்லை, வெறும் புதர்க்காடு என்று கம்பெனி வக்கீல் சொல்கிறார். மாவட்ட மன்றத்திலிருந்து ஒரு ஆள் வியாழக்கிழமை வந்து பார்ப்பார். அடுத்த வாரம் விசாரணை.

"எங்கம்மா அந்தப் பின்பகுதியிலதான் இருக்காங்க. வர்ற ஆளு கண்ணுக்கு ஏதாவது தெரியணும். முள்ளும் கொடியும் மூடிக் கிடக்கு. எங்க ஆளுங்க எல்லாம் வயசானவங்க" என்றாள் லவீனியா. "ஞாயித்துக்கிழமை, சர்ச் முடிஞ்சதும் வாங்க."

ரீவா வருகிறோம் என்று உடனே சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கணக்கு வேறு மாதிரி ஓடியது. மவுன்ட் நெபோவில் ஆராதனை முடிய மதியம் ஒரு மணி ஆகும். செப்டம்பர் வெயிலில் மதியம் யார் குனிந்து வேலை செய்வது. எங்களுக்கு ஓய்வுநாள் சனிக்கிழமை. ஞாயிறு காலை சும்மாதான் இருப்போம். அவர்கள் பாடி முடித்து வெளியே வரும்போது வேலை முடிந்திருந்தால் எப்படி இருக்கும். தம்பி இஸியைப் போனில் கூப்பிட்டுக் காலையிலேயே லாரியைக் கொண்டுவரச் சொன்னாள். இஸிக்கு இரும்புச் சாமான் கடை. அக்கா சொன்னால் மறுத்துப் பழக்கமில்லாதவன்.

இதற்கிடையில் லவீனியா ரீவாவைப் போனில் கூப்பிட்டிருந்தாள். வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும், பன்றிக்கறி கூடாது என்று தெரியும், மீன் கூடுமா என்று கேட்டாள். செதில் உள்ள மீனாக இருந்தால் சரி என்றாள் ரீவா. மறுநாள் மறுபடி கூப்பிட்டு, மடவை மீனுக்குச் செதில் உண்டு, அது போதுமா, பன்றிக்கறி படாத சட்டி புதிதாக வாங்கட்டுமா என்று கேட்டாள். ரீவாவுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. பார்த்தியா எவ்வளவு மரியாதை என்று இஸியிடம் சொன்னாள். சொன்னவள், நாமும் ஏதாவது கேட்க வேண்டுமோ என்று யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை சபையில் கை கால் நன்றாக இருந்த எல்லோரும் வந்துவிட்டார்கள். அரிவாள், கத்திரி, கையுறை. மெல்வின்கூடப் புது வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். சர்ச்சிலிருந்து பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. கொடியை வெட்டி இழுக்க இழுக்க, அடியிலிருந்து என்னென்னவோ வந்தன. கைப்பிடி போன கோப்பைகள், அடியில்லாத கூஜாக்கள், விளக்குக் கண்ணாடி, மருந்து பாட்டில், வெள்ளைச் சங்குகள், முள் நின்றுபோன ஒரு கடிகாரம். எல்லாம் உடைசல்.

ரீவாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷமாக ஊர்க்காரர்கள் இந்த ஏழைகளின் கல்லறை மேல் குப்பையைக் கொட்டியிருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள். எங்கள் கல்லறையில் பூகூட வைக்கமாட்டோம். பணக்காரருக்கும் ஏழைக்கும் அதே வெள்ளைத் துணி, அதே பலகைப் பெட்டி. வந்துபோனதற்கு அடையாளமாக ஒரு கூழாங்கல், அவ்வளவுதான். கல்லறை என்றால் வெறுமையாக இருக்க வேண்டும், அதுதான் இறந்தவருக்கு மரியாதை என்று பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த கண்.

"ஒரு ஓடுகூட மிச்சம் இருக்கக் கூடாது" என்றாள். "இவங்க வெளிய வர்றப்ப தரை சுத்தமா தெரியணும்."

ஒன்று விடாமல் பொறுக்கினார்கள். கோபத்தோடு வேலை செய்தால் கை எப்படி ஓடும் என்பது உங்களுக்குத் தெரியும். லாரி நிறைந்தது. இஸி அதை ஓட்டிக்கொண்டு போனான்.

ஆராதனை முடிந்து லவீனியா முதலில் வந்தாள். ஊதா நிறத் தொப்பி, கையில் பெரிய மண் தட்டு, அதன் மேல் துணி மூடிப் பொரித்த மடவை. பின்னாலேயே சர்ச்சின் வயசான பெண்கள். வேலியைத் தாண்டி உள்ளே வந்தவள் நின்றாள். ரீவா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பாராட்டு வரும் என்று சிரித்தபடி நின்றாள்.

"மிஸ் ரீவா, இந்த இடத்துல ஒரு நீல ஜாடி இருந்துச்சே" என்றாள் லவீனியா.

"ஜாடியா? அது அடியில ஓட்டை. ஒண்ணுக்கும் ஆகாதது. எந்தப் பாவிங்களோ வருஷக்கணக்கா குப்பையைக் கொட்டியிருக்கானுங்க லவீனியா. எல்லாத்தையும் அள்ளியாச்சு."

லவீனியா தட்டைக் குனிந்து புல்லின் மேல் வைத்தாள். தொப்பியைக் கழற்றினாள்.

"ஓட்டை போட்டது நான். எங்கம்மாவோட ஜாடி அது."

பிறகு லவீனியாவே, குரலை உயர்த்தாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். போனவர்கள் கடைசியாகக் கையில் பிடித்தது எதுவோ, அதை உடைத்து மண்ணின் மேல் பதிப்பார்கள். உடைத்தால்தான் சாவின் சங்கிலி அறும், போனவர் அடுத்த ஆளைக் கூட்டிக்கொண்டு போகமாட்டார். சங்கு, கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர்கள் திரும்பிப் போக. கல் வாங்க முடியாதவர்களுக்கு இவைதான் கல். வியாழக்கிழமை வரும் ஆளுக்குக் காட்ட அவர்களிடம் இருந்ததும் இவைதான்.

"மீனுக்குச் செதில் இருக்கான்னு கேக்க நான் ரெண்டு தடவை போன் பண்ணேன்" என்றாள் லவீனியா.

ரீவா கொடிக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நல்லகாலம், டார்பியில் ஞாயிற்றுக்கிழமை குப்பைக் கிடங்கைத் திறப்பதில்லை. கர்த்தருடைய நாள். இஸி பூட்டின கதவைப் பார்த்துவிட்டு, லாரியைத் தன் கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தான். விஷயத்தைக் கேட்டதும், இவ்வளவுதானே, எல்லாத்தையும் கொண்டாந்து வச்சுடலாம், எது எங்க இருந்துச்சுன்னு வர்ற ஆளுக்கு என்ன தெரியப் போவுது என்றான்.

"அவருக்குத் தெரியாது" என்றாள் லவீனியா. "எங்கம்மாவுக்குத் தெரியும். அவங்க ஜாடிய யார் தலைமாட்டுலயோ வச்சா சும்மா இருப்பாங்களா? உசுரோட இருந்தப்பவே யாரையும் அதத் தொட விட்டதில்ல."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லோரும் நின்றார்கள். ரீவாதான் எழுந்தாள். இந்தத் தடவை ஓடவில்லை. லவீனியாவின் முன்னால் போய் நின்று, "நான் இப்ப என்ன செய்யணும்? சொல்லு, அத மட்டும் செய்யறேன்" என்றாள்.

லவீனியா தரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நடந்தாள். பாத்திரங்கள் பல வருஷமாகப் பதிந்து கிடந்தவை. எடுத்த இடத்தில் வட்ட வட்டமாக அச்சு விழுந்திருந்தது. சங்கு கிடந்த இடத்தில் சங்கின் குழி. அச்சு இருக்கும்வரை எதை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்கலாம். ஆனால் கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை அடித்தால் எல்லாம் கரைந்துவிடும்.

இஸி கடையைத் திறந்து, பெயின்ட் அடிக்கும்போது விரிக்கிற தார்ப்பாய்களையெல்லாம் கொண்டுவந்து போட்டான். அது போதவில்லை. எங்கள் கூடாரப் பண்டிகைக்குப் பந்தல் போட வைத்திருந்த கித்தான்களை ரீவா சபையிலிருந்து எடுத்து வரச் சொன்னாள். யூதர்களும் மவுன்ட் நெபோக்காரர்களும் ஓரங்களைப் பிடித்து இழுத்துக் கல் வைத்து முடிப்பதற்கும் முதல் துளி விழுவதற்கும் சரியாக இருந்தது. மெல்வினின் புதுத் தொப்பி நனைந்து காதுவரை தொங்கியது. சர்ச்சுப் பெண் ஒருத்தி அதைப் பார்த்து, டாக்டர், இப்பத்தான் உங்களப் பார்த்தா வேலை செஞ்ச ஆளு மாதிரி இருக்கு என்றாள். லவீனியா கொண்டுவந்த மீனைக் கார்களுக்குள் உட்கார்ந்து தின்றார்கள். ரீவாவுக்கு இறங்கவில்லை. லவீனியா முள்ளை எடுத்துவிட்டு ஒரு துண்டை அவள் கையில் வைத்து, சாப்பிடுங்க, இதுக்குன்னு சட்டி வாங்கியிருக்கேன் என்று அதட்டினாள்.

மறுநாள் சபைக் கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே வெள்ளைத் துணி விரித்தார்கள். நல்லடக்கக் குழுவின் துணி அது. வேறு எதற்கும் எடுக்கமாட்டார்கள். ரீவாதான் எடுத்துக் கொடுத்தாள். லாரியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி, கழுவாமல், மண்ணோடு அப்படியே பரப்பினார்கள். மவுன்ட் நெபோவின் பெரியவர்கள் மேசையைச் சுற்றி வந்தார்கள். இது எங்க பெரியப்பா மருந்து குடிச்ச கிளாஸ் என்று ஒருவர் எடுத்தார். இன்னொருத்தி கடிகாரத்தைப் பார்த்து, என் தாத்தா மூச்சு நின்ன நேரத்துல நிறுத்தினது என்று தடவிக்கொடுத்தாள். பலவற்றுக்கு ஆள் தெரியவில்லை. அவற்றை மண் அச்சுதான் சொல்ல வேண்டும்.

நீல ஜாடி கடைசியில்தான் கிடைத்தது. லாரியில் மேலும் நொறுங்கியிருந்தது. லவீனியா துண்டுகளைக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"உடைஞ்சதுதானே. இன்னும் கொஞ்சம் உடைஞ்சிருக்கு" என்றாள். பிறகு, "மிஸ் ரீவா, உங்க கடைத் திரையை நீங்க இழுத்துப் போட்ட கதைய உங்க ஆளுங்க பெருமையா சொல்றாங்களே, அன்னைக்கு உள்ள உக்காந்திருந்தது யாரு தெரியுமா?" என்று கேட்டாள்.

ரீவா நிமிர்ந்தாள்.

"எங்கம்மா. நானும் பக்கத்துல நின்னேன். அவங்க காலுறையில பெரிய கிழிசல். யாரும் பாக்கமாட்டாங்கன்னு தைரியமா கழட்டி உக்காந்திருந்தாங்க. திரை விழுந்ததும் கடையே திரும்பிப் பாத்துச்சு. ஒத்த ஷூவோட தெருவுல ஓடினாங்க." லவீனியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல பொண்ணுதான், ஆனா தட்டிட்டு உள்ள வர்ற பழக்கம் இல்லன்னு சாகுறவரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க. அந்தத் திரை விழுந்தது நல்லதுதான், அத நான் இல்லேங்கல. நான் போட்ட அடுத்த ஷூவ உங்க கடை முன்பக்கத்து நாற்காலியிலதான் உக்காந்து போட்டேன்."

இத்தனை வருஷம் கேட்டுப் பூரித்த கதை. அதற்குள் ஒரு அம்மாள் ஒற்றை ஷூவோடு ஓடியிருக்கிறாள். ரீவா தலையைக் குனிந்துகொண்டு மேசையில் கிடந்த ஓடுகளைப் பிரிக்க ஆரம்பித்தாள். சிவந்த மண் ஓடு ஒன்று கையில் வந்தது. கட்டைவிரல் அகலம், ஓரம் வழவழப்பு. அவள் கை சட்டென்று நின்றது. அந்த அளவு ஓட்டுத் துண்டு அந்தக் கைக்கு நன்றாகப் பழக்கம். அதை மெதுவாகத் துணியின் மேல் திரும்ப வைத்தாள்.

வியாழக்கிழமைக்குள் பெரும்பாலும் வைத்து முடித்தார்கள். அடியை அச்சில் பொருத்தி, பொருந்தினால் மட்டும் பதித்தார்கள். பொருந்தாததைக் கூடத்து மேசையிலேயே விட்டுவிட்டார்கள். மன்றத்து ஆள் வந்தார், பார்த்தார், எழுதிக்கொண்டு போனார்.

விசாரணை நாளன்று மன்றக் கூடம் நிறைந்திருந்தது. கம்பெனி வக்கீல் எழுந்து, செவ்வாயும் புதனும் எடுத்த படங்களை நீட்டினார். படத்தில் நம் ஆட்கள் குனிந்து பாத்திரங்களைப் பதித்துக்கொண்டிருந்தார்கள். கல்லறை அடையாளம் என்று காட்டியதெல்லாம் போன வாரம் வைத்தது, கனம் தலைவர் அவர்களே, ஏதோ பழைய சாமான் கடையில் வாங்கியிருப்பார்கள் என்றார். கூடத்தின் ஒரு பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. லவீனியா பையை மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் இடம் கையை விட்டுப் போவதை அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெல்வின் முன்பே ரீவாவிடம் சொல்லி வைத்திருந்தார். ஏதாவது கேட்டால், சுத்தம் செய்யும்போது சின்னப் புரிதல் பிழை என்று மட்டும் சொன்னால் போதும். பேப்பரில் வரும். நாம் இங்கே எத்தனை பேர் இருக்கிறோம், நம்மைப் பற்றி ஊர் என்ன பேசும். அவர் பயம் பொய்யில்லை. ரீவாவின் அப்பா திரை கட்டினதும் அதே பயத்தில்தான்.

ரீவா எழுந்தாள். மெல்வின் அவள் சட்டைக் கையைப் பிடித்தார். அவள் கையை எடுத்துவிட்டு முன்னால் போனாள். மன்றத் தலைவர் டக்கர் அவள் கடையில் ஷூ வாங்கி வளர்ந்தவர்.

"டக்கர், வக்கீல் சொல்றது நிஜம்" என்றாள். "அதெல்லாம் போன வாரம்தான் வச்சோம். அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை அங்கேர்ந்து பொறுக்கினதும் நான்தான். நூறு வருஷமா அங்க கிடந்தத நான் ஒரு காலையில குப்பைன்னு லாரியில ஏத்திட்டேன். வரச் சொன்ன நேரத்துக்கு வரல. கேக்கவும் இல்ல. இவங்க பொய் சொல்லல, என் தப்ப சரி பண்ணிக்கிட்டிருந்தாங்க."

வக்கீல் விடவில்லை. நீங்களே குப்பைன்னு நினைச்சீங்க இல்லையா, ஏன் நினைச்சீங்க, அது குப்பை மாதிரி இருந்ததாலதானே என்று கேட்டார்.

கூடத்தில் நல்லடக்கக் குழுவின் பெண்கள் ஒரு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ரீவா அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்களில் மூத்தவள் சரி என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தாள்.

"இத வெளிய சொல்ற வழக்கம் எங்களுக்கு இல்ல" என்றாள் ரீவா. குரல் இறங்கியிருந்தது. கூடம் குனிந்து கேட்டது. "எங்க சபையில ஒரு பொம்பள செத்துப்போனா நாங்கதான் குளிப்பாட்டுவோம். பெட்டிய மூடறதுக்கு முன்னால, ஒரு மண் பாத்திரத்த உடைச்சு, ஓட்டுத் துண்ட எடுத்து, ரெண்டு கண்ணு மேலயும் வைப்போம். எங்கம்மா கண்ணுல நான் வச்சேன். டக்கர், உன் பள்ளிக்கூடத்து டீச்சர் மிஸஸ் ரோசன், அவங்க கண்ணுலயும் இந்தக் கைதான் வச்சுது. உடைஞ்ச ஓடு குப்பைன்னா, எங்கம்மா கண்ணுல நான் குப்பையத்தான் வச்சிருக்கேன். உனக்கு அப்படித் தோணுதா டக்கர்?"

டக்கர் மேசை மேல் இருந்த படத்தை எடுத்தார், வைத்தார். மிஸஸ் ரோசன் அவருக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர்.

"என் வீட்டு ஓடு எனக்கு மரியாதையா தெரிஞ்சுது, அவங்க வீட்டு ஓடு குப்பையா தெரிஞ்சுது. குத்தம் ஓட்டுல இல்ல" என்று சொல்லிவிட்டு ரீவா தன் இடத்துக்குத் திரும்பினாள்.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். மன்றம் செய்தது ஒன்றுதான். தரைக்கு அடியில் பார்க்கிற கருவியைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கும்வரை யாரும் ஒரு மண்வெட்டி போடக்கூடாது என்றது. கருவி வர இலையுதிர்காலம் முடிந்துவிட்டது. வந்து ஓட்டினபோது, வரிசை வரிசையாகக் குழிகள், பைன் மரங்களுக்கு அப்பால் வரைக்கும். லவீனியாவின் ஆட்களே மறந்துபோனவர்கள்கூட அங்கே இருந்தார்கள். கிடங்கு வேறு இடம் பார்த்துக்கொண்டு போனது. ஒரு வரிசை மட்டும் பழைய தார்ச்சாலைக்கு அடியில் இருப்பது தெரிந்தது. அது இன்றும் அங்கேதான் இருக்கிறது, கார்கள் இன்றும் மேலே போகின்றன. அதற்கான மனு இன்னும் மன்றத்தில் நிற்கிறது. இரண்டு சபைக்காரர்களும் சேர்ந்துதான் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பேப்பரில் வந்தது. மெல்வின் பயந்தபடி ஊர் கொஞ்சம் சிரித்தது. கொஞ்ச நாள் இஸியின் கடையில், குப்பை அள்ள லாரி கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதோடு சரி.

அதன் பிறகு வருஷா வருஷம், செப்டம்பர் வாக்கில் வருகிற யூதப் புத்தாண்டுக்கு முந்தின மாதம் நம் கல்லறைக்குப் போய்விட்டு, அடுத்த ஞாயிறு மவுன்ட் நெபோவுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. ரீவாவால் காலையில் வீட்டில் இருக்க முடியாது. எட்டு மணிக்கே போய்விடுவாள். போய், வேலிக்கு வெளியே காரில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே காலடியில் களை முளைத்து நிற்பது தெரியும். தொடமாட்டாள். பாட்டு முடிந்து லவீனியா தொப்பியோடு வந்து கார்க் கண்ணாடியைத் தட்டுவாள்.

"என்ன மிஸ் ரீவா, வெயில்ல வெந்துட்டீங்களா?"

"சொல்லு, எத எடுக்கணும்?"

"இறங்குங்க, காட்டறேன்."

ரீவா போன வசந்த காலத்தில் இறந்தாள். செய்தி கேட்டதும் லவீனியா சபைக்கு வந்தாள். அவளுக்கும் இப்போது கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை. பூ கொண்டுவரலாமா, உங்க வழக்கம் என்ன என்று வாசலில் நின்று கேட்டாள். பூ வைக்கிற வழக்கம் இல்லை என்றார்கள் நல்லடக்கக் குழுவின் பெண்கள். அப்ப என்னதான் கொண்டுவரலாம் என்றாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவள், ஒரு மண் பாத்திரம் வேணும் என்றாள்.

லவீனியா வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தாள். அந்த முதல் ஞாயிறு மடவை கொண்டுவந்த தட்டு. வாசல் படியிலேயே வைத்து, கைத்தடியின் பூணால் ஒரு தட்டுத் தட்டினாள். நன்றாக உடைந்தது. குனிந்து, கட்டைவிரல் அகலத்தில், ஓரம் வழவழப்பாக இருந்த இரண்டு துண்டுகளைப் பார்த்து எடுத்து, வெள்ளைத் துணியோடு நீண்ட கையில் வைத்தாள்.

கதவு மூடியது. உள்ளே நடந்ததை யாரும் சொல்லமாட்டார்கள், நீங்களும் கேட்கக் கூடாது. லவீனியா வாசலில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் வெளியே வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.